அறுக்காமல் வந்த நாள்

காலை எட்டு மணிக்கு அனந்தபுரத்திலிருந்து போன். தரணேந்திரனின் மகள். “அத்தே, அப்பா தூக்கத்துலயே போயிட்டாருங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடுவோம். ஜல்தி வாங்க” என்றாள். ‘ஜல்தி’ என் வார்த்தை. அவள் அப்பா என்னைக் கேலி செய்து செய்து அந்த வீட்டுக்கே ஒட்டிக்கொண்டது.

உங்களில் பலருக்கு அவர் கால்நடை நோய்களைக் கண்டறியும் டாக்டர். எனக்கு, விழுப்புரத்தில் பிளஸ் டூ படித்த நாளிலிருந்து தரணி. ‘அவன்’ என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இருவரும் கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பம் போட்டோம். நான் கோலியனூர் பக்கத்துக் கூலிக்காரர் மகள். படித்ததும் வேலை என்றார்கள், எனக்கு அது போதும். அவன் சமண வீட்டுப் பையன். எறும்பைப் பார்த்துக் கால் வைக்கிற வீடு. அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி, நிலக்கடலை வியாபாரம். “மாட்டுக்கு வைத்தியம் பாக்கறது புண்ணியந்தான்டா. ஆனா அறுக்கணுமே?” என்று அவர் கேட்டாராம். “என்னால அறுக்க முடியலைன்னா மண்டிக்கே வந்துடறேன்” என்று இவன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

கல்லூரியில் செத்த உடலின் முன் நின்றதும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வான். அந்த உயிரிடம் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். கண்ணைத் திறப்பதற்குள் கத்தியை வேறு யாராவது எடுத்திருப்போம். “பூஜை முடிஞ்சுதா சாமி?” என்று அதிகம் கேலி செய்தவள் நான்தான். கடைசி வருடம் வரை அவன் முதல் வெட்டு போட்டதே இல்லை.

பயிற்சிக்குத் திண்டிவனம் வந்தோம். ஒரு நாள் பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் ஒரு பசு செத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். டாக்டர் பின்னால் வருவதாகச் சொல்லி எங்களை முன்னே அனுப்பினார். பஸ்ஸில் தரணி, “இன்னைக்கு நான்தான் கத்தி பிடிப்பேன் மேரி. முடியலைன்னா நாளைக்கு மண்டிக்குப் போயிடறேன்” என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை.

உச்சி வெயில். சாயங்காலம் வரை மேய்ந்த பசு, ராத்திரி சத்தமில்லாமல் செத்திருந்தது. ஊரே சுற்றி நின்றது. மாட்டுக்காரி கண்ணம்மா மட்டும், “எங்கொய்ந்தன்தான் வெஷம் வெச்சிட்டான் சார். அறுத்துப் பாத்து எய்திக் குடுங்க” என்று அழுதுகொண்டிருந்தாள். கொழுந்தன் தூரத்தில் தலைகுனிந்து நின்றான்.

தரணி மாட்டின் தலைமாட்டில் குனிந்து கைகூப்பினான். நேரம் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. “ஜல்தி பண்ணு, பஸ்ஸு போயிடும்” என்று அவனிடமிருந்து கத்தியை வாங்கினேன். மாட்டின் பின்னங்காலைத் தூக்கினேன். தூங்குகிற மாட்டின் கால் போலத் துவண்டு வந்தது. வேலை சுலபமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். கத்தியை வயிற்றில் வைத்தேன்.

ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. “வெக்காத.”

“ஏன்?”

“ராத்திரி செத்த மாடு. இன்னும் வெறைக்கல, பாத்தியா?”

அவன் காட்டிய இடத்தைப் பார்த்தேன். மூக்கிலிருந்து கறுப்பாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனை மணி நேரமாகியும் உறையவில்லை. அவன் மன்னிப்புக் கேட்க முகத்தைப் பார்த்தான். நான் வயிற்றை மட்டும் பார்த்தேன்.

அடைப்பான் நோய், ஆந்த்ராக்ஸ். அந்த உடலை அறுக்கவே கூடாது. அறுத்தால் காற்றுப் பட்ட கிருமி விதையாகி மண்ணில் பல காலம் கிடக்கும், அறுத்தவரையும் கொல்லும். இதைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அவன் விரல் சற்றுத் தாமதித்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

காது நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தான். திண்டிவனத்து மைக்ராஸ்கோப்பில் அவன் சந்தேகப்பட்டது சரியென்று தெரிந்தது. ஆளுயரக் குழி தோண்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். குழி தோண்டியவன் அந்தக் கொழுந்தன்தான். கண்ணம்மா அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தரணி மண்டிக்குப் போகவில்லை. மேற்படிப்புக்குப் பால்பண்ணைப் பிரிவை எடுப்பான் என்று எல்லோரும் நினைத்தோம். அவனோ செத்த உடல்களை ஆராயும் நோய்க்குறியியலை எடுத்தான். அப்பாவிடம், “எதை அறுக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கும் ஒரு ஆள் வேணும்பா” என்றானாம்.

வருடா வருடம் அந்தக் குழியைப் பார்க்கப் போவான். ஒரு முறை நானும் போனேன். கோடையில் சுற்றிலும் காய்ந்து கிடந்தது. குழியின் மேல் மட்டும் புல் முழங்காலுயரம் பச்சையாக நின்றது. காற்றே இல்லை, ஆனாலும் அது அசைவது போல எனக்குத் தோன்றியது. தரணி மெல்லச் சொன்னான்: “கீய தூங்கிக்கினு இருக்குது மேரி. நாம வந்தது அதுக்குத் தெரியும்.”

போன மாதம் பேசினான். “குழி மேல அடையாளத்துக்கு நட்ட கல்ல யாரோ புடுங்கிட்டாங்க. திரும்ப நட்டுட்டு வந்தேன். எனக்கப்புறம் நீ போய்ப் பாத்துக்க.” என்ன பேச்சு இது என்று திட்டினேன்.

அனந்தபுரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது: நான் முதலில் பார்த்தது அவன் மூக்கை. ரத்தமில்லாமல் சுத்தமாக இருந்தது. பிறகு வலது கையைத் தொட்டேன். விறைத்திருந்தது. நல்லபடியாகத்தான் போயிருக்கிறான் என்று ஒரு நிம்மதி. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

“பொழுது சாயுது, தூக்கிடலாமா?” என்று யாரோ கேட்டார்கள். “கொஞ்சம் இருங்க” என்றேன். அவன் தலைமாட்டில் குனிந்து கைகூப்பி, அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

என்னிடம் அவன் விட்டுப்போனது கைகூப்பி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரமும், பிரம்மதேசத்து ஓரத்தில் ஒரு கல்லும். கோடை வரட்டும். போய்ப் பார்க்கிறேன்.