அருளாயிக்கு ஒரு பூசை

மெரினுக்குச் சரித்திர நாவல் என்றால் உயிர். ரெட்டியார்பாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை முழுக்க ஊசி குத்திவிட்டு, மத்தியானச் சாப்பாட்டை நாவலோடுதான் சாப்பிடுவாள். ஆனால் ஒரு மனக்குறை. ராஜா வருவார், குதிரை வரும், சதி வரும்; ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற அவளுடைய சனம் மட்டும் எந்தப் பக்கத்திலும் வராது. கோயில் நூலகத்திலோ எல்லாம் புனிதர் வரலாறு. மூன்றாம் பக்கத்திலேயே நல்லவராகிவிடுகிறார், பத்தாம் பக்கத்தில் தலை போகிறது. இதில் என்ன கதை இருக்கிறது?

நூலகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கோயிலை ஒட்டிய அறையில் ஒரு இரும்பு பீரோ, அவ்வளவுதான். சாவி மெரினிடம். இந்த வருஷம் பாடகர் குழு, மைக் செட் வைக்க அந்த பீரோவைக் கேட்டது. பங்குச் சாமியார் நியாயமான மனிதர்.

"கல்லறைத் திருநாள் வரைக்கும் பாக்கறேன். உன்னைத் தவிர, ஒரு புக்கையாவது முழுசா படிச்ச ஒரு ஆளைக் காட்டும்மா, பீரோ உன்னுது" என்றார்.

மெரின் விடுவாளா? ஞாயிறுதோறும் சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலைக் கிளறினாள். ஐந்தாவது வாரம் கிடைத்தது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய புதுச்சேரி, துணிக்குச் சாயம் போடும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம், பஞ்சம். அட்டையில் மாதா படம். சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

புத்தகத்தை ஆளுக்கு ஒரு வாரம் வாங்கிப் போனார்கள். ஏட்டில் ஒன்பது கையெழுத்து. மெரினுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கல்லறைத் திருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில், படித்தவர்களைத் திரட்டக் கிளம்பினாள். ஒருவராவது படித்திருந்தால்தானே! ஒன்பதாவது ஆள், பூக்கடை இருதயமேரி. அவள் வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் புத்தகம் நின்றது, மல்லிச்சரத்தோடும் மெழுகுவத்தியோடும். மற்ற எட்டுப் பேரும் இதையேதான் செய்திருந்தார்கள்.

"அக்கா, இது படிக்கிற புக்கு!"

"மாதா படத்தைக் கண்ட எடத்துல போட்டுப் படிக்கச் சொல்றியா? பாவம்டி."

மெரினுக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. சுவரில் தொங்கிய காலண்டரில் முடிந்துபோன மாதத்தாளைக் கிழித்தாள். மாதா தெரியாதபடி அட்டை போட்டுக் கையில் திணித்தாள்.

"இனிமே இது வெறும் புக்கு. படுத்துக்கிட்டே படி."

கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி வரை, படித்தேன் என்று யாரும் வாய் திறக்கவில்லை. மெரின் சாவியைத் திருப்பித் தரக் கைப்பையில் எடுத்து வந்திருந்தாள். பூசைக்கு முன்னால் சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்.

"அருளாயியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. கேட்பவர், இருதயமேரி."

மெரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அருளாயி அந்த நாவலில் வரும் சாயக்காரன் பெண்டாட்டி!

பூசை முடிந்ததும் ஓடிப்போய்ச் சாமியாரிடம் சொன்னாள். அவர் இருதயமேரியைக் கூப்பிட்டார். "ஏம்மா, கதையில வர்றவங்களுக்கா பூசை வெப்பாங்க?"

"சாமி, இருந்த கஞ்சியை ஊரான் புள்ளைங்களுக்கு ஊத்திட்டுச் செத்தவ அவ. ஒரு பூசை வெக்க நாதியில்ல. நான் வெச்சா என்னா?" என்றாள் இருதயமேரி.

மெரினின் கைப்பையில் இருந்த சாவியைச் சாமியார் கேட்கவே இல்லை. இருதயமேரியிடம், "அந்த புக்கை எனக்குக் குடும்மா" என்றார்.

"எங்கிட்ட ஏது சாமி?" இருதயமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பக்கத்துக் கடை வசந்தா படிக்கறா. அடுத்து அவ நாத்தனா கேட்டிருக்கா. நீங்க மூணாவது."