வண்டிக்குக் கரன்ட் கேட்டு மேட்டுலயத்துக்கு

நுவரெலியா, மாட்டுப் பொங்கலன்று அதிகாலை.

வாவிக் கரையில் நிறுத்தியிருந்த வேனின் முன் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தேன். பின்னாலிருந்து லலிதாம்மாவின் குரல் எழுப்பியது.

"கண்ணு, எந்திரி. இவரோட மெஷின் நின்னுபோச்சு."

பேட்டரிக் கரன்ட்டை வீட்டுக் கரன்ட்டாக்கும் இன்வெர்ட்டர் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. சண்முகம் ஐயா கட்டிலில் உட்கார்ந்து, மூக்கில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். உறக்கத்தில் அவருக்கு மூச்சு தடைப்படும். அந்த மெஷின் இரவு முழுதும் ஓடினால்தான் அவர் உறங்கலாம். ஓடாவிட்டால் லலிதாம்மாவும் உறங்குவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பார்.

இருவரும் கோயம்புத்தூர்க்காரர்கள். நான், வேன்களை வீடுபோல மாற்றி வாடகைக்கு விடும் ஒரு சிறிய கொழும்பு நிறுவனத்தில் மின்வேலை பார்ப்பவள். இந்தப் பயணத்துக்குச் சாரதியும் நானே. வேனின் ஒவ்வொரு கம்பியும் நான் இழுத்தது. புறப்பட்ட அன்றே, அவர்கள் கேட்காமலேயே, அதைச் சொல்லிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "ஊர் எது கண்ணு?" என்று லலிதாம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சுருக்கமாக இருந்தது. "ஹட்டன்." "டவுனா?" "டவுன்தாங்க."

ஹட்டன் டவுனில் எனக்கு வீடு கிடையாது.

பேட்டரியில் அடிமட்டச் சார்ஜ்தான் மிச்சம். இரண்டு நாளாக வேன் அசையவில்லை. மூடுபனியில் கூரைச் சூரியத் தகடும் ஒன்றும் தரவில்லை. என்ஜினை ஓடவிட்டால் அதிலிருந்து சார்ஜ் ஏற வேண்டும். ஓடவிட்டேன். ஏறவில்லை. சார்ஜரின் விளக்கு எரிகிறது, பேட்டரிக்குள் ஒரு சொட்டும் போகவில்லை. சார்ஜர் பழுது என்று முடிவுகட்டினேன். விரல்கள் விறைத்திருந்தன. இருக்கையின் கீழ்ப் பலகையைக் கழற்றி, இணைப்புகளை முடுக்கும்போது ஸ்பேனர் வழுக்கி வண்டியின் உடம்பில் பட்டது. நீலமாக ஒரு பொறி. என்ஜினிலிருந்து சார்ஜ் வரும் வழியிலிருந்த பெரிய ஃபியூஸ் கருகிப்போனது.

"என்னம்மா, தீபாவளியா?" என்றார் ஐயா.

"பொங்கல்தானுங்க," என்றேன். சிரிப்பு வரவில்லை.

வெயில் ஏறி, கூரையில் படிந்திருந்த உறைபனி சொட்டத் தொடங்கிய பிறகு அலைபேசியில் வேன் பேட்டரியின் அளவுகளைப் பார்த்தேன். பேட்டரி தானாகவே சார்ஜ் வாங்கிக்கொண்டிருந்தது, சூரியத் தகட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக. அப்போதுதான் கீழேயிருந்த வரி கண்ணில் பட்டது. வெப்பநிலை.

லித்தியம் பேட்டரி உறைகிற குளிரில் கரன்ட் கொடுக்கும், வாங்காது. வாங்கினால் கெட்டுவிடும் என்பதால் உள்ளேயிருக்கும் காவல் சர்க்யூட் வழியை அடைத்துவிடும். காலையில் அது அடைத்திருந்தது, அவ்வளவுதான். சார்ஜருக்கு ஒரு குறையுமில்லை. நோயில்லாத உடம்பை அறுத்து நோயாக்கியவள் நான். பாடத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் கொழும்பில் அந்த வரி எப்போதும் முப்பது காட்டும். பார்க்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. இந்தக் குளிரில் பிறந்து, இந்தக் குளிரில் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனவள், வண்டி கட்டும்போது குளிர் என்று ஒன்று இருப்பதையே நினைக்கவில்லை.

நுவரெலியாவில் அந்த ஃபியூஸ் கிடைக்கவில்லை. பொங்கல் விடுமுறைக் கூட்டத்தில் விடுதி அறையும் கிடைக்கவில்லை. ஹட்டனுக்கு இறங்கினோம், சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். நானுஓயா தாண்டியதும் மூடுபனி மறுபடி இறங்கியது. தலவாக்கலையில் தேத்தண்ணி குடித்தோம். கொட்டகலையில் பள்ளிக்கூடச் சுவரோரம் கரும்பு விற்றார்கள். லலிதாம்மா படம் எடுத்துக்கொண்டே வந்தார். ஐயா தலை தொங்கித் தொங்கி விழித்தார். கண் மூடும்போதெல்லாம் அவர் தோளைத் தட்டினார் லலிதாம்மா.

ஹட்டன் கடைவீதியில் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்று திறந்திருந்தது. வெள்ளைத் தொப்பி அணிந்த முதலாளி கருகிய ஃபியூஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த சைஸு கண்டியிலதான் எடுக்கணும் தங்கச்சி. நாளைக்குச் சொல்லி விடலாம்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீங்க எந்தத் தோட்டம்?"

மலையகத்தில் யாரும் யாரையும் கேட்கிற கேள்வி. விருந்தாளிகள் இருவரும் என் பின்னால் நின்றிருந்தார்கள். நான் ஃபியூஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டிக்கோயாப் பக்கம் மேட்டுலயத்துப் புள்ளதானே நீங்க? உங்கம்மா இந்தப் பக்கத்துக் கடைக்குத்தானே அரிசி வாங்க வருவாங்க. முந்தாநேத்தும் பாத்தேன். மக லீவு கெடைக்காம கொழும்புல நிக்கிறான்னு சொன்னாங்களே? அப்புறமென்ன, வீட்டுல பிளக்கு இருக்கு, கொண்டுபோய்ப் போடுங்க!"

லலிதாம்மா ஐயாவின் கையைப் பிடித்து வேனில் ஏற்றினார். டவுனா என்று மறுபடி கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

மேட்டுலயம் என்பது டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரே கூரையின் கீழ் கட்டிய வீட்டு வரிசை. வேன் ஏறி வருவதைப் பார்த்ததும் எல்லா வாசலிலும் ஆட்கள். அம்மா கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"லீவு இல்லன்னு சொன்ன?"

"வேலைதாம்மா. இவங்களக் கூட்டிக்கிட்டு நுவரெலியாவுல…"

"நுவரெலியாவுலயா." அம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். "வாங்கய்யா, வாங்கம்மா, உள்ள வாங்க. குனிஞ்சு வாங்க, நிலை தட்டும்."

அடுத்த வீட்டுச் செல்வியக்கா விடவில்லை. "ஏன்டி, வண்டியில கரன்ட் போனாத்தான் அம்மா வீட்டுக்கு வழி தெரியுமா?"

மெஷினை நேரே வீட்டில் மாட்டினால் இரவில் கரன்ட் போகும்போது அதுவும் நிற்கும் என்பதால், வேனில் வீட்டுக் கரன்ட்டுக்கென்று இருந்த இன்னொரு சார்ஜரின் வயரை ஜன்னல் வழியாக இழுத்து அம்மாவின் ஒரே பிளக்கில் மாட்டினேன். பேட்டரி இப்போது குளிர் விட்டிருந்தது. சார்ஜர் எரிந்தது, ஐந்தாறு நிமிடத்தில் அணைந்தது. மறுபடி எரிந்தது, அணைந்தது. அளந்து பார்த்தேன். வோல்டேஜ் விழுந்து கிடந்தது. லயம் முழுவதற்கும் ஒரே மெல்லிய கம்பியில் வருகிற கரன்ட், பொங்கல் மாலை. தண்ணீர் சுடவைக்கும் கேத்தல், இஸ்திரிப்பெட்டி, டிவி, கோயில் பக்கம் பாட்டுப்பெட்டி, எல்லாம் அதில் தொங்குகின்றன. சார்ஜர் குறைந்த வோல்டேஜைத் தாங்காது. அதுவும் நான் வாங்கிப் பொருத்தியதுதான்.

அம்மா வாசலுக்கு வந்தார். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.

"அந்தய்யா தூங்கணும்னா அது எரியணும். அவ்வளவுதானே?" என்றவர், வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏங்க, கொஞ்ச நேரம் எல்லாரும் கரன்ட்ட நிப்பாட்டுங்க! நம்ம வீட்டுக்கு வந்தவங்களுக்கு மேலுக்குச் சொகமில்ல!"

"யக்கா, சீரியல் முடியட்டும்!"

"சீரியல் நாளைக்கும் வரும். மனுசன் வருவானா?"

"உங்க மக வண்டிக்கு என்னக்கா, பிரசவமா?" யாரோ ஓர் ஆண்குரல் கேட்டது. வரிசை முழுதும் சிரித்தது.

சிரித்துக்கொண்டே அணைத்தார்கள். முதலில் செல்வியக்கா வீடு, பிறகு அதற்கு அடுத்தது. ஒவ்வொரு வாசலாக இருண்டு கடைசிவரை போனது. பாட்டு பாதியில் நின்றது. இருட்டிய வரிசையில் அடுப்புத் தணல்கள் மட்டும் தெரிந்தன. என் வேனின் உள்ளே சார்ஜர் விளக்கு பச்சையாக எரிந்து, அணையாமல் நின்றது. நான் பத்து வீட்டுக்கு முன்னால் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடிக்க வேண்டிய தேவை இல்லை. கைக்கு வேறு வேலை தெரியவில்லை.

உள்ளே ஐயா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இங்கிருந்து கீழ எட்டிப் பார்த்தா டவுன் தெரியுதே கண்ணு. நீ சொன்னது பொய்யில்ல," என்றார். லலிதாம்மா அவர் கையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார்.

மறுநாள் காலை.

மெஷின் வேனில் விடியும்வரை ஓடியது. லலிதாம்மாவும் வெயில் வரும்வரை உறங்கினார். பேட்டரிப் பெட்டியின் மேல், நான் அம்மாவிடம் கேட்டு வாங்கிய கம்பளி கிடந்தது, கொழுந்து பறிக்கப் போகும்போது தலையில் போடுவது. அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

நான் பயணம் போகும் வண்டிகளில் அடுப்பு, கட்டில், வெந்நீர், விளக்கு எல்லாம் உண்டு. யாரையும் எதற்கும் கேட்க வேண்டாம் என்பதுதான் அவற்றை வாடகைக்கு விடும்போது நாங்கள் சொல்வது. மேட்டுலயத்தில் ஒரு வீட்டின் கேத்தல் கொதித்தால் அடுத்த வீட்டு விளக்கு மங்கும். அங்கிருந்து தப்பித்துவிட்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

செல்வியக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "நேத்து சீரியல்ல என்ன நடந்துச்சுன்னு கொழும்புல கேட்டு, போன் போட்டுச் சொல்லு," என்றார். அம்மா சாரதிப் பக்கக் கண்ணாடியோரம் வந்து நின்றார்.

"அடுத்த பொங்கலுக்கு வருவியா?"

"வருவேம்மா."

அம்மா வேனின் பக்கவாட்டில் கையை வைத்து, குளிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோலத் தடவினார்.

"வண்டி நல்லாயிருந்தாலும் வா," என்றார்.