எமெய் மலையில் ஒரு சப்பாத்துக் காவலர்

போன ஞாயிறு டென்மார்க்கின் ஓல்போர்க்கில் ஒரு பிறந்தநாள் விழா. சாப்பிட்டு, கதைத்து, கேக்கையும் முடித்துக்கொண்டு புறப்படலாம் என்று வந்தால்... கதவடியில் பூட்ஸ் குவியல். வீடு நிறையத் தமிழர்கள் வந்தால் வாசல் நிறையக் கறுப்பு பூட்ஸ். அதில் பாதி ஒரே கடையின் மலிவு விற்பனையில் வாங்கியது. எது என்னுடையது?

"இந்தாங்கோ தங்கச்சி" என்று ஒரு சோடியை என் முன்னால் வைத்தார் செல்வராசா அண்ணை. முனை கதவைப் பார்த்தபடி, காலை விட்டால் போதும் என்பது மாதிரி. என்னுடையதுதான்.

ரண்டர்ஸில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அண்ணை. எங்கள் கோயில் திருவிழாக்களிலும் சப்பாத்துக் காவல் அவர்தான். யாரும் நியமிக்கவில்லை. தானாகவே எடுத்துக்கொண்ட பதவி. அந்தப் பதவியால் சீனாவில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டோஸ்ட்ருப்பில் இருக்கும் தயா வருடா வருடம் ஒரு சுற்றுலா ஒழுங்கு செய்வார். இந்தத் தை மாதம் சீனாவின் பௌத்தப் புனித மலைகள். டென்மார்க் குளிருக்குத் தப்பி மற்றவர்கள் தாய்லாந்து போவார்கள். நாங்கள் அதைவிடக் குளிரான இடத்துக்குப் போனோம். எங்களுக்கு யார் புத்தி சொல்வது?

செல்வராசா அண்ணை வருகிறார் என்றதும் எனக்கு ஆச்சரியம். ஊரில் அவருடைய காணியில் இராணுவ முகாம். முகாம் வாசலில் ஒரு புத்தர் சிலை. காணி இன்றுவரை கைக்கு வரவில்லை. புத்தர் இருக்கிற வாசலை மிதிக்க மாட்டேன் என்று இருந்த மனிதர் எதற்குச் சீனாவுக்கு?

மனைவிக்காக. வசந்தி அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். அண்ணைக்கு இருதய ஆபரேஷன் நடந்து, அவர் கண் திறக்காமல் கிடந்த நாட்களில், கூட வேலை செய்யும் சீனப் பெண் ஒரு சின்னப் படம் கொடுத்திருக்கிறாள். எமெய் மலையின் போதிசத்துவர். அமர்ந்திருப்பது யானைமேல்.

"யானையைக் கண்டதும் எங்கடை ஆள்தான் எண்டு நினைச்சன்" என்றார் அக்கா. "தெரிஞ்ச சாமியள் எல்லாரிட்டையும் கேட்டாச்சு. இவரிட்டையும் கேட்டா என்ன? என்ரை மனுசன் எழும்பினா ரெண்டு பேருமா வந்து உன்ரை வாசலிலை பத்தி கொளுத்துவம் எண்டு நேந்தனான்."

எழும்பிவிட்டார். நேர்த்திக்கடன் பாக்கி நின்றது. விமானத்தில் எனக்கு முன் இருக்கைகளில் அவர்கள். வேண்டுமென்று ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"நீர் போய்க் கும்பிட்டிட்டு வாரும். நான் வெளியிலை நிக்கிறன். சப்பாத்துப் பாக்க ஆள் வேணுமெல்லே?"

அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் நேர்ந்தது இரண்டு பேருக்கும் சேர்த்து. ஒருவர் மட்டும் போனால் அது என்ன நேர்த்தி?

எமெய் மலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மரமெல்லாம் பனி. சந்நியாசினிகள் நடத்தும் ஒரு கோயில் முற்றம். கைடு பெண் டிக்கெட் விஷயமாக யாரையோ தேடிப் போய்விட்டாள். நாங்கள் காத்திருப்போமா? கோயிலைக் கண்டதும் கை தானாகக் காலுக்குப் போனது. பனிக்குள் வரிசையாகப் பூட்ஸைக் கழற்றிவிட்டு காலுறையோடு உள்ளே போனோம். அண்ணைக்கு அப்படி ஒரு நிம்மதி. "எல்லாரும் போங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

உள்ளே கல் தரை. ஐஸ் பெட்டிக்குள் நிற்பது போலிருந்தது. எங்கள் கால்களைப் பார்த்த ஒரு வயதான சந்நியாசினி நெஞ்சில் கை வைத்தார். சீனக் கோயில்களில் சப்பாத்தோடுதான் உள்ளே போவார்கள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் விறுவிறுவென்று வெளியே போய், கை கொண்ட மட்டும் எங்கள் பூட்ஸை அள்ளத் தொடங்கினார்.

அண்ணை விடுவாரா? "அம்மா, அதை விடுங்கோ, ஆக்களின்ரை சாமான்" என்று மறு முனையைப் பிடித்து இழுத்தார். அவர் சீனத்தில் ஏதோ சொன்னார். அண்ணை தமிழில் சொன்னார். போதாதென்று டேனிஷிலும் சொன்னார். வென்றது சந்நியாசினிதான்.

உள்ளே வந்து கையில் வந்ததை வந்தவருக்குக் கொடுத்தார். வசந்தி அக்காவுக்குக் கிடைத்தது இரண்டும் இடது கால். ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. நான் ஒரு காலில் நொண்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. முழங்கால் ஆபரேஷன் செய்தவர், குனிய முடியாது. காலுறையோடு, கொளுத்தாத பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி நின்றார். கண் நிறைந்திருந்தது.

வாசலுக்கு அந்தப் பக்கம் அண்ணை. கையில், இழுபறியில் மிஞ்சிய அக்காவின் வலது பூட்ஸ்.

"அது அவவின்ரை இல்லை" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். "வசந்தி, கால் விறைக்கப் போகுது, அதைப் போடாதையும்."

யாருக்குக் கேட்டது? சந்நியாசினி அக்காவின் இடது காலை முடித்துவிட்டு, என் இடது பூட்ஸை அக்காவின் வலது காலுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க அண்ணைக்குப் பொறுக்கவில்லை. முழங்கால் உயர வாசற்படியை ஒரே எட்டில் தாண்டினார். நேரே வந்தார். யானைமேல் இருந்தவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அக்காவின் முன்னால் முழந்தாளிட்டு, காலுறையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டி, பூட்ஸை மாட்டி, கயிற்றைக் கட்டினார். அக்கா விழாமல் இருக்க அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அண்ணை எழுந்தபோதுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. சுற்றிப் பார்த்தார். அதற்குள் சந்நியாசினி பத்தியைக் கொளுத்தி அக்காவின் கையிலும் அண்ணையின் கையிலும் வைத்துவிட்டார். அண்ணை கும்பிடவில்லை. ஆனால் வெளியே போகவும் இல்லை. பக்கத்தில் அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டு முடியும்வரை புகைகிற பத்தியோடு அசையாமல் நின்றார்.

பஸ்ஸில் தயா சும்மா இருக்கவில்லை. "என்ன அண்ணை, கடைசியிலை உள்ளுக்கு வந்திட்டியள் போல?"

"நான் சாமிக்கு வரேல்லை. சப்பாத்துக்கு வந்தனான்."

"ஆருக்கு வந்தாலென்ன" என்றார் வசந்தி அக்கா. "வந்தியள்தானே." அதற்குப் பிறகு பயணம் முழுக்க அக்காவின் வாயில் பாட்டுத்தான்.

அண்ணை மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த கோயிலில் கைடு, சப்பாத்தைக் கழற்ற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அண்ணை கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "குடையளைத் தாங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று வெளியிலேயே நின்றார். அக்கா சிரித்துக்கொண்டே குடையைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஓல்போர்க் வீட்டு வாசலில் எனக்குப் பூட்ஸை எடுத்துத் தந்துவிட்டு, அண்ணை முழந்தாளிட்டு அக்காவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணை, அக்காவைக் கும்பிடுறியளோ?"

அண்ணை நிமிரவில்லை. மற்றக் காலையும் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஓம். இதுதான் என்ரை நேத்தி."