பழைய பெயருக்குத் திரும்பாதவர்

சாரல் என்பது அவராகவே வைத்துக்கொண்ட பெயர். எங்கள் வெல்டிங் பட்டறைக்கு ஒரு நாள் பேன்ட் சட்டையில் வருவார், இன்னொரு நாள் பாவாடையும் தோடுமாக வருவார். பெயர் மட்டும் மாறாது. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இடியே விழுந்தாலும் திரும்ப மாட்டார்.

அன்று அவருடைய அண்ணன் வாசலில் நின்று அந்தப் பழைய பெயரைத்தான் கத்தினான். சாரல் அப்போதுதான் பற்றவைத்து முடித்த கம்பியில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடக் குனிந்திருந்தார். கொதிக்கிற இரும்பும் பார்வைக்கு ஆறிப்போனது போலத்தான் இருக்கும். அந்தக் குறியைப் பார்த்தால்தான் நாங்கள் தொடாமல் இருப்போம்.

அவர் திரும்பவில்லை.

"குடும்ப மானத்த வாங்குனது போதாதுன்னு காதும் கேக்கலயா?"

நாங்கள் எழுந்து ஓடுவதற்குள் பின்னாலிருந்து குழாயால் மண்டையில் போட்டான். சாக்பீஸ் சிதறியது. ரத்தம் சாரலின் கண்ணில் வழிந்தது. குழாய் கைநழுவி உருளவும், அந்த வெறிநாய் மேசைமேல் கிடந்த அந்தக் கம்பியை எடுக்கப் பாய்ந்தான்.

"அண்ணா, தொடாத! சூடு!" என்று கத்தினார் சாரல்.

"யாருகிட்ட பூச்சாண்டி காட்டுற?" என்று இறுக்கிப் பிடித்தான். உள்ளங்கைத் தோல் கம்பியோடு போயிற்று. அவன் அலறல் தெருமுனைவரை கேட்டது.

மறுநாள் போலீஸ்காரர் வந்தார். தம்பி தன் கையைப் பொசுக்கிவிட்டதாக அண்ணன் புகார் கொடுத்திருந்தான், பழைய பெயரைச் சொல்லி.

"இந்தப் பேர்ல இங்க யாருய்யா?"

தலையில் கட்டோடு சாரல் பற்றவைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றேன். சத்தியமாக, அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.