எக்சர்சைஸம்மாவும் என் களிப் பானையும்

ஆஸ்பத்திரியில் சமைப்பவனுக்கு நல்ல பெயர் கிடைத்ததாகச் சரித்திரமே இல்லை. ஹாஸ்டலிலும் கல்யாண வீட்டிலும் கரண்டி பிடித்து வசவு வாங்கிய சகோதரர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். ஐம்பதுகளில் கிருஷ்ணகிரிப் பக்கம் பெருவியாதி என்று அப்போது சொன்ன தொழுநோய்க்காரர்களுக்கான மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் சமையல்காரன். அங்கே மடங்கிப்போன விரல்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் ரூத்தம்மா. பலகையில் இருந்த ‘பிசியோதெரபிஸ்ட்’ யார் வாயிலும் நுழையாததால் எல்லோருக்கும் அவர் எக்சர்சைஸம்மா. போன மாதம்தான் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். எனக்கு அவர் செய்த கொடுமைகளை இனியாவது சொல்லிவிடுகிறேன்.

துடுப்பு போன கதை

ஒருநாள் காலை களி கிண்டும் துடுப்பைக் காணோம். தேடிப்போனால், ரூத்தம்மா அதன் பிடியில் பழைய துணியைச் சுற்றி முனியம்மா கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறார். முனியம்மா மத்தூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டு மருமகள். நோய் போய்விட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. மாமியார்தான் மசியவில்லை. வந்தால் மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் தனிக் குடிசை, தனிச் சட்டி, பிள்ளைகளைத் தொடக்கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து முனியம்மா பயிற்சிக்கே வருவதில்லை. அதற்கு என் துடுப்பா கிடைத்தது என்று சண்டைக்குப் போனேன்.

ரூத்தம்மா சொன்னார்: “ரப்பர் பந்தைப் பிசைஞ்சு அவ என்ன பண்ணப் போறா? வீட்டுக்குப் போனா களிதானே கிண்டணும்?”

வசவு மட்டும் எனக்கு

அன்றிலிருந்து என் அடுப்படியில் எனக்கே இடமில்லை. முனியம்மா கிண்டுவாள், ரூத்தம்மா பக்கத்தில் நின்று தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அதட்டுவார். வார்டில் கட்டில் கட்டிலாகக் கேள்வி கேட்டார்கள், அதுவும் என்னை. தொரப்பள்ளிப் பெரியவர் ஒருவர் தட்டை நீட்டிக்காட்டினார்.

“களியில கட்டி இருக்குதுன்னு நான் சொல்லல சாமிக்கண்ணு. கட்டிக்கு நடுவுல கொஞ்சம் களியும் இருக்குதுன்னுதான் சொல்றேன்.”

சிவந்த உள்ளங்கை

களியைச் சூட்டோடு உருட்ட வேண்டும். நோயில் மரத்துப்போன முனியம்மாவின் கைக்குச் சூடு தெரியாது. வெந்து கொப்புளம் கிளம்பினாலும் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அதனால் ஒவ்வொரு தடவையும் ரூத்தம்மா முதலில் தன் கையைக் களிமேல் வைத்துப் பார்ப்பார். பொறுக்கும் சூடு வந்தபின்தான் முனியம்மாவைத் தொடவிடுவார். அந்த அம்மாவின் உள்ளங்கை எப்போதும் சிவந்தே கிடக்கும். நீங்கள் ஏன் தாயே சுட்டுக்கொள்கிறீர்கள் என்று கடிந்துகொண்டேன்.

“எனக்குச் சுடுது இல்ல? அதுக்குத்தான்.”

மாமியார் வந்தார்

கடைசியில் மாமியாரை வரவழைத்து நேராக அடுப்படிக்கே கூட்டிவந்துவிட்டார் ரூத்தம்மா. அந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். முனியம்மா கட்டியில்லாமல் கிண்டி இறக்கினாள். ரூத்தம்மா வழக்கம்போலக் கையை வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து உதறினார். மாமியார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே, வார்டில் கூப்பிடுகிறார்கள், நீ பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டு ரூத்தம்மா வெளியே போய்விட்டார். யாரும் கூப்பிட்டதாக என் காதில் விழவில்லை.

பதற்றத்தில் இருந்த முனியம்மா கையை நனைத்துக்கொண்டு களியில் வைக்கப் போனாள். நான் தடுக்க எழுந்தேன். அதற்குள் மாமியார் பாய்ந்து வந்து மருமகள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டு, தன் கையைக் களிமேல் வைத்தார். முந்தானை எப்போதோ நழுவியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகை என்று சொல்லிக்கொண்டேன். பிடித்த கையை விடாமலே அந்த அம்மாள் சொன்னார்:

“இரு புள்ள, இன்னும் சுடுது. உனக்குத்தான் தெரியாதே, நான் சொல்றப்ப தொடு.”

இப்போதும் என் களியில் கட்டி விழத்தான் செய்கிறது, பழியைப் போட ரூத்தம்மாதான் இல்லை.