கண்ணாடிக் கல்லால் எழுந்த சுவர்

மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் உதுமான். ஆனாலும் சொல்கிறேன், அவருக்கு இருந்த மூளை தாராவிப் பக்கம் வந்த எந்த இஞ்சினியருக்கும் இருந்ததில்லை. பழைய சாமான் வாங்குகிற எந்தப் பங்கார்க் கடைக்காரனும் சீந்தாத உடைந்த பாட்டில்களை மாவாக அரைத்து, சோப்புப் பட்டறையில் காஸ்டிக் சோடாத் தண்ணீர் வாங்கிப் பிசைந்து, அச்சில் அடித்துக் கல்லாக்கினார். மன்சூர் அலியின் பேக்கரி அடுப்பிலிருந்து ரொட்டி இறங்கியதும், மிச்சச் சூட்டில் அந்தக் கல் ஒரு நாள் முழுக்க வேகும். அப்புறம் மூன்று நாள் பீப்பாய்த் தண்ணீரில் ஊறும். ஊறியும் கரையாத கல்தான் வெளியே போகும். அவர் வீடே அந்தக் கல்லில் எழுந்ததுதான். சுத்தியலால் அடித்தால் சுத்தியலுக்குத்தான் வலிக்கும்.

எண்பத்தாறில் ரமலான் மே மாதம் வந்தது. நோன்பு திறக்கிற பன்னுக்கே பேக்கரி அடுப்பில் இடம் போதவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு இசக்கிப்பாண்டி வந்து நின்றான். மழைக்கு முன்னால் தகரத்தைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குச் சுவர் எழுப்ப வேண்டுமாம். பெண்டாட்டி பேராச்சி இத்தனை வருஷம் நனைந்துகொண்டே சோறு பொங்கினது போதுமாம். பெருநாள் கழியட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உதுமானுக்கு வாய் அடங்கவில்லை.

"என் கல்லுக்கு அடுப்பு எதுக்கு வே? மே மாச வெயிலே போதும்."

வெயிலில் காய்ந்த கல்லும் தட்டினால் கணீரென்றுதான் கேட்டது. தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை. நோன்பு வாயோடு குழாயடியில் நின்று பீப்பாய் நிரப்ப யாருக்குத் தெம்பு?

பேராச்சி புதுச் சுவருக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். பெருநாள் பிரியாணிச் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வந்தவள், இனி எவ்வளவு பெய்தாலும் பெய்யட்டும் பாய் என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் விடாமல் பெய்தது. எட்டாம் நாள் மத்தியானம், அடிக்கல் சோப்பு மாதிரி வழுவழுத்துக் கரைந்து, உலை வைத்துக்கொண்டிருந்தவள் மேலேயே சுவர் இறங்கியது. ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து, போக்கிடம் இல்லாமல் இசக்கி உதுமான் வீட்டில் வந்து உட்கார்ந்தான். யார் கேட்டாலும் மழையைத்தான் குற்றம் சொன்னான். உதுமானின் மனைவி சபுரா வைத்த சாயா ஆடை கட்டிப்போயிற்று. முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரை மெல்லத் தடவிப் பார்த்தான்.

"இது கரையலையே, பாய்."

இது அடுப்பில் வெந்தது, தண்ணீரில் ஊறினது. சாயா ஆறிப்போச்சு, குடி வே என்று மட்டும் சொன்னார் உதுமான். தாராவிக்கே கேட்கப் பேசின வாய் அது.

அந்தச் சுவர் இன்றைக்கும் நிற்கிறது. அதில் உதுமான் முதுகு சாய்த்து அப்புறம் யாரும் பார்த்ததில்லை.