சவரிமுத்து அண்ணனும் எட்டு முனை நட்சத்திரமும்

ஞாயிறு பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது குனோங் ராபாட்டிலுள்ள எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. "அப்பா போயிட்டாருக்கா" என்றாள் சவரிமுத்து அண்ணனின் மகள்.

சிலிபினில் அவருடைய சலவைக்கடையில் துணி போட்ட உங்களுக்கு அவர் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. "அவசரமா? அப்ப அழுக்கோடயே போட்டுக்க லா" என்று என் கல்யாணப் புடவையையே திருப்பித் தந்தவர். செத்துப்போனார் என்பதற்காக அவரைச் சாதுவாக்க எனக்கு மனசில்லை. முசுடு. ஆனால் அந்த முசுடு இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் எத்தனை வருடம் உள்ளே கிடந்திருப்பாரோ!

எழுபதுகளின் நடுவில், கம்யூனிஸ்டு பயம் மறுபடி கிளம்பியிருந்த நேரம். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த ஒரு பழைய தோட்டத்தில் ஆரோக்கியம் ஆற்றோரமாகக் கால்வாய் வெட்டினார். மண்ணில் ஒரு பேட்ஜ் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் புளி போட்டுத் தேய்த்தேன். ஒரு நட்சத்திரம், நடுவில் இலைகளோடு ஒரு கொட்டை. ரப்பர் கொட்டை என்றே நினைத்தேன். வேறு எந்தக் கொட்டையை நான் கண்டேன்!

மறுநாள் நண்பர்களிடம் காட்ட அதை எடுத்துப் போனவரைப் போலீஸ் சாலைத் தடுப்பில் பிடித்துவிட்டார்கள். நட்சத்திரம் கம்யூனிஸ்டு சின்னமாம், கொட்டை கைக்குண்டாம். யார் கொடுத்தது என்று மூன்று நாளாகக் கேட்டார்கள். விசாரணை இல்லாமலே வருடக்கணக்கில் அடைத்து வைக்கச் சட்டம் இருந்தது.

கம்யூனிஸ்டுகளோடு முதல் சண்டை நடந்த அவசரகாலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குத் துணி வெளுத்தவர் ஆயிற்றே என்று சவரிமுத்து அண்ணனிடம் ஓடினேன்.

"எத்தனை முனை?" என்றார்.

"எண்ணலண்ணே."

"எந்தத் தோட்டம்?"

சொன்னேன். இஸ்திரிப் பெட்டி யாரோ ஒருவரின் சட்டை மேல் அப்படியே நின்றது. புகை வந்த பிறகுதான் எடுத்தார். கடையைச் சாத்தி, "மோட்டார்ல ஏறு" என்றார்.

போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் நம்மவர்தான், தமிழிலேயே கேட்டார்.

"துவான், எண்ணிப் பாருங்க, எட்டு முனை" என்றார் அண்ணன். "கம்யூனிஸ்டு நட்சத்திரத்துக்கு அஞ்சுதான். நடுவுல இருக்கறது குண்டு இல்ல, ஓக் மரத்துக் கொட்டை. கீழ கிண்ணம் மாதிரி இருக்கு பாருங்க. வெள்ளைக்காரப் பட்டாளத்துச் சின்னம். தொப்பி வெளுக்கறப்ப நாந்தான் கழட்டுவேன், நாந்தான் மாட்டுவேன்."

"நீங்க சொன்னா ஆச்சா?"

"பின்னால பாருங்க. ரெண்டு கோடு, குறுக்க ஒண்ணு. ஆள் மாறாம இருக்க ஆணியால கீறுவேன்."

இன்ஸ்பெக்டர் திருப்பினார். கோடுகள் இருந்தன. எனக்கு மூச்சு வந்தது. உடனே அடுத்த கேள்வி விழுந்தது.

"அப்ப தொப்பியில இருக்க வேண்டியது மண்ணுக்குள்ள எப்படிப் போச்சு? பட்டாளத்துக்காரன்கிட்ட இருந்து பிடுங்கினது யாரு?"

மேசை விளிம்பைப் பிடித்திருந்த அண்ணன் கை நடுங்கியது. எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். மாதாவே, இந்த மனுசன் வாயைத் திறக்கட்டும் என்று உள்ளுக்குள் கத்தினேன்.

"யாரும் பிடுங்கல" என்றார் கடைசியில். "நாந்தான் தொலைச்சேன். அந்தத் தோட்டத்து ஆத்துல, சரிஞ்ச பாறைக்குக் கீழ துவைக்கறப்ப விழுந்துச்சு. வேலை போயிடும்னு பயந்து, திருப்பிக் கொடுத்துட்டேன்னு பைபிள்ல கை வச்சு சத்தியம் பண்ணேன். அந்தத் தொப்பிக்குச் சொந்தக்காரப் பட்டாளத்துப் பையன், மீசைகூட முளைக்கல துவான், அவன்தான் வித்துட்டான்னு பதினாலு நாள் உள்ள வச்சாங்க. எழுதிக்கோங்க."

இன்ஸ்பெக்டர் ஆரோக்கியத்தின் வாக்குமூலத்தைப் புரட்டினார். பேட்ஜ் கிடைத்த இடமாக, சரிந்த பாறை அதிலும் இருந்தது. மறுநாள் ஆரோக்கியத்தை விட்டார்கள்.

அண்ணனைச் சும்மா விடவில்லை. ஆறு மாதம் வாரந்தோறும் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். கடை வாசலில் போலீஸ் ஜீப்பைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் துணி போடுவதை நிறுத்தினீர்கள். ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன்.

ஒருநாள் கேட்டேன்: "திருப்பிக் கொடுத்துட்டேன்னே சாதிச்சிருக்கலாமேண்ணே, உங்களுக்கு ஒரு தொல்லையும் வந்திருக்காதே?"

"சாதிச்சிருக்கலாம் லா" என்றார். "என் பொய்யால ஒரு பிள்ள உள்ள இருந்தான். ஒன் வீட்டுக்காரன் ரெண்டாவது ஆளா?"

அடக்கப் பூசையில் சாமியார் அவரைத் தைரியசாலி என்றார். சாமியாருக்குத் தெரியாது. அன்று அண்ணன் பயந்தார், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். பயந்துகொண்டே உண்மையைச் சொன்னார். அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டது அந்த நடுக்கம்தான்.